பெயர்ந்த பயிர்களும் பெயராத பூச்சிகளும்

குடியேற்ற ஆதிக்கத்தின் வரலாறு ஒருவகையிற் பயிர்களின் இடப்பெயர்ச்சி வரலாறாகும். பதினாறாம் நூற்றாண்டு முதலாக ஐரோப்பியக் கப்பல்கள் பொன்னையும் வாசனைத் திரவியங்களையும் அடிமைகளையும் மாத்திரமன்றி, விதைகளையும் நாற்றுக்களையும் கொடித்துண்டுகளையும் கண்டம் விட்டுக் கண்டம் சுமந்து சென்றன. 1821ஆம் ஆண்டில் பேராதனையில் நிறுவப்பெற்ற தாவரவியற் பூங்காவும் அப்பெரும் வலையின் ஒரு கண்ணியேயாம். பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைவிக்கப்பட்டு, 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பெற்று, ஹெனரத்கொடையில் நடப்பட்ட வரலாறு பலரும் அறிந்ததே.

செடிகள் சென்ற வழியை வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியுள்ளனர். ஆனால் அச்செடிகளின் பூக்களை நாடி வந்த பூச்சிகள் உடன் சென்றனவா என்ற வினாவை அவர்கள் பெரிதும் எழுப்பியதில்லை. அவ்வாறு எழுப்பாமைக்கு ஒரு காரணமும் உண்டு. தேயிலையிலே நாம் கொள்வது கொழுந்து; இறப்பரிலே பால்; சிங்கோனாவிலே பட்டை; கரும்பிலே தண்டு. இவற்றைப் பெறுவதற்குப் பூ காயாக வேண்டிய தேவை இல்லை. எனவே பூச்சியின் இன்மை தோட்ட முதலாளியின் கணக்கேட்டிற் பதியவில்லை. காயையும் கனியையும் விதையையும் வேண்டிப் பெயர்க்கப்பட்ட பயிர்களிலேயே அவ்வின்மை வெளிப்பட்டது. செடி தழைத்தது, பூத்தது, ஆயினும் காய்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவை யாருடைய கைகள் என்பதை நான்கு பயிர்களின் வரலாறு கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டறிவும் தொழிலறிவும்

பூவின் கேசரத்தில் உண்டாகும் மகரந்தம் குறியை அடைந்தாலன்றிச் சூலகம் காயாகாது. ஒரே பூவில் இரண்டும் இருக்கலாம். ஒரே மரத்தில் வெவ்வேறு பூக்களில் இருக்கலாம். பனையிற் போல ஆண்மரமும் பெண்மரமும் தனித்தனி நிற்கவும் கூடும். எவ்வாறாயினும் இடம்விட்டு அசையாத தாவரத்திற்கு மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் ஒரு துணை பெரும்பாலும் வேண்டியிருக்கின்றது. காற்றும், சிலவிடத்து நீரும் அத்துணையாகும். பூக்குந் தாவரங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கோ தேனீ, குளவி, வண்டு, ஈ, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி, வௌவால், பறவை முதலிய உயிரினங்களே துணையாகின்றன.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை உழவர் மிகப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர். பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டத்தொகுதியில், பேரீந்துத் தோட்டத்திற்கு மகரந்தமிடும் பொறுப்பை ஏற்ற தோட்டக்காரனுக்கும் உரிமையாளனுக்கும் விளைவு எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்ற விதி காணப்படுகின்றது. இற்றைக்கு ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்னரே, பூவைக் கருக்கொள்ளச் செய்வது கூலி பெறும் ஒரு தொழிலாக இருந்தமைக்கு இது சான்றாகும்.

ஏட்டறிவு மிகப் பின்னரே அவ்விடத்தை அடைந்தது. தாவரங்களுக்கும் பால் வேறுபாடு உண்டு என்பதை ஜேர்மானியரான கமராரியஸ் 1694இற் பரிசோதனை வாயிலாக நிறுவினார். பூச்சிகளின் பங்கினைக் கோல்றொய்ட்டர் 1761இல் வெளியிட்ட ஆய்விற் குறிப்பிட்டார். பூவின் நிறம், அதன் இதழிலுள்ள கோடுகள், தேன் ஆகிய யாவும் பூச்சியை அழைத்து வழிகாட்டுவதற்கே அமைந்துள்ளன என விரித்துரைத்தவர் கிறிஸ்ரியன் கொன்றாட் ஸ்பிறெங்கல் என்னும் பாடசாலைத் தலைவராவார். அவரது நூல் 1793இல் வெளிவந்தது. மறு ஆண்டே அவர் பதவியை இழந்தார். அவரது நூலையும் அக்கால அறிஞருலகு பொருட்படுத்தவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின், றொபேட் பிறவுண் என்னும் தாவரவியலாளரின் ஆலோசனைப்படி சார்ள்ஸ் டார்வின் அந்நூலைத் தேடிப் படித்தார். அது 1841ஆம் ஆண்டு நவம்பர் மாதமாகும். அதே 1841இல், இந்து சமுத்திரத்துத் தீவொன்றிலே, எழுத்தறியாத அடிமைச் சிறுவன் ஒருவன் அதே உண்மையைத் தன் விரல்களாற் செய்து காட்டினான்.

வனிலாவும் எட்மண்டும்

வனிலா ஓக்கிட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடி. மெக்சிக்கோவின் வெராக்குரூஸ் பகுதியில் வாழ்ந்த தொத்தொனாக் மக்கள் இதனைப் பயன்படுத்தி வந்தனர். அஸ்தெக்குகள் தம் சொக்கலேற் பானத்திற்கு இதன் காய் கொண்டு மணமூட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிக்கோவைக் கைப்பற்றிய பின்னர் வனிலாவின் சுவையை ஐரோப்பா அறிந்தது. அதன் பின்பும் மூன்று நூற்றாண்டுகளாக உலகின் வனிலா முழுவதும் ஏறத்தாழ மெக்சிக்கோவிலிருந்தே கிடைத்தது. கொடியை ஐரோப்பியர் கொண்டு செல்லாமையால் அவ்வாறு நேர்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளில் அக்கொடி வளர்ந்து பூத்தது. 1819க்கும் 1822க்கும் இடைப்பட்ட காலத்திற் பிரெஞ்சுக்காரர் அதனைத் தம் குடியேற்றமான பூர்போன் தீவில், அதாவது இன்றைய றியூனியனில், நட்டனர். எங்கும் கொடி படர்ந்தது. காய் மாத்திரம் தோன்றவில்லை.

இதன் காரணம் பூவின் அமைப்பிலுள்ளது. வனிலாப் பூவில் மகரந்தத் திரளும் குறியும் மிக அணித்தாகவே உள்ளன. எனினும் இரண்டிற்கும் இடையே ஒரு மெல்லிய மடல் திரை போல நிற்கின்றது. தாயகத்தில், பூவினுள் நுழைந்து மீளும் தேனீயொன்று அத்தடையைக் கடந்து மகரந்தத்தைச் சேர்க்கின்றது. அது கொடுக்கற்ற மெலிப்போனாத் தேனீயே என நெடுங்காலம் கருதப்பட்டது. ஓக்கிட்டுத் தேனீ எனப்படும் பளபளப்பான வேறொரு கூட்டத்தினையே பிற்கால ஆய்வாளர் பலர் சுட்டுகின்றனர். எதுவாயினும் அது கப்பலேறவில்லை. பூவும் காலையில் மலர்ந்து அன்றே வாடிவிடுகின்றது. அச்சில மணி நேரத்தினுள் மகரந்தம் சேராவிடின் அப்பூ வீணாகும்.

1836இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திற் பேராசிரியர் சார்ள்ஸ் மொறன் இந்நுட்பத்தை உணர்ந்து, தம் கையினால் மகரந்தமிட்டுக் காய்களைப் பெற்றார். அடுத்துப் பாரிசிலும் அவ்வாறு செய்யப்பட்டது. ஆனால் இவை கண்ணாடி வீட்டுச் சோதனைகளாகவே நின்றன. பெருந்தோட்டத்திற் பல்லாயிரம் பூக்களுக்கு ஏற்ற எளிய முறை அவற்றினின்றும் பிறக்கவில்லை.

அம்முறையைக் கண்டவன் எட்மண்ட். 1829இல் றியூனியனின் சென்-சுசான் என்னுமிடத்தில் அடிமையாகப் பிறந்தவன். பிறப்பிலேயே தாயை இழந்தவன். தாவரவியலில் ஈடுபாடுடைய பெறெயோல் பெலியே-போமொன் என்னும் தோட்ட முதலாளியிடம் வளர்ந்தான். பூசணிக் குடும்பக் கொடியொன்றின் ஆண்பூவைப் பெண்பூவுடன் சேர்க்கும் முறையை முதலாளி அவனுக்குக் காட்டியிருந்தார். 1841இல் ஒருநாள் தோட்டத்தைச் சுற்றிவந்த பெலியே-போமொன், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பயன் தராதிருந்த வனிலாக் கொடியிற் காய் தொங்கக் கண்டார். அது தன் செயலென்று பன்னிரண்டு வயதுச் சிறுவன் கூறியபோது அவர் முதலில் நம்பவில்லை. சில நாட்களின் பின் மற்றொரு காயும் தோன்றவே, செய்து காட்டுமாறு கேட்டார். எட்மண்ட் ஒரு மெல்லிய குச்சியினால் இடைமடலை உயர்த்தி, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியின்மீது மெல்ல அழுத்தினான். சில விநாடிகளில் முடியும் வேலை அது.

இதன் பின்னர் எட்மண்ட் தோட்டந்தோறும் அனுப்பப்பட்டு, ஏனைய அடிமைகளுக்கு இம்முறையைக் கற்பித்தான். 1848இல் றியூனியன் பிரான்சுக்கு ஏற்றுமதி செய்த வனிலா 50 கிலோகிராம் என்றும், 1898இல் அது 200 தொன் என்றும் கூறுவர். மெக்சிக்கோவின் மூன்று நூற்றாண்டுத் தனியுரிமை முடிவுற்றது. அயலிலுள்ள மடகஸ்கார் பின்னர் இத்தொழிலை ஏற்று, இன்று உலகின் முதன்மை உற்பத்தியாளராக விளங்குகின்றது. அங்கும் பிறநாடுகளிலும் வளரும் வனிலாப் பூக்கள் இன்றளவும் எட்மண்டின் முறையாலேயே, ஒவ்வொன்றாக, மனிதக் கையினாற் கருக்கொள்ளச் செய்யப்படுகின்றன. தேர்ந்த ஒருவர் ஒரு காலைப்பொழுதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூக்களைத் தொடுகின்றார்.

எட்மண்டின் வாழ்வு அக்கொடியைப் போலத் தழைக்கவில்லை. 1848 டிசம்பர் 20ஆந் திகதி றியூனியனில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றனர். அவ்வேளை எட்மண்டுக்கு ‘அல்பியஸ்’ என்ற குடும்பப்பெயர் சூட்டப்பட்டது. வெண்மையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது ஆக்கப்பட்டதென்பர். விடுதலை கிடைத்தது, நிலமோ பொருளோ கிடைக்கவில்லை. பட்டினத்திற் சமையல் வேலைக்குச் சென்றவர் களவுக் குற்றஞ் சாட்டப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார். தீவின் செல்வத்துக்கு அவர் ஆற்றிய பணியை எடுத்துக்காட்டி விண்ணப்பிக்கப்பட்டதன் பேரில், தண்டனைக்காலம் முடியுமுன் 1855இல் விடுவிக்கப்பட்டார். அவரது கண்டுபிடிப்பும் ஐயத்துக்குள்ளாக்கப்பட்டது. அம்முறையைத் தாமே முன்னர்த் தீவுக்கு வந்து காட்டியதாகத் தாவரவியலாளரான றிஷார் உரிமை கொண்டாடினார். எட்மண்டே கண்டவர் எனச் சாட்சி கூறி நின்றவர் அவருடைய பழைய முதலாளியே. 1880 ஓகஸ்ட் 9ஆந் திகதி, சென்-சுசானில், வறுமையில் எட்மண்ட் அல்பியஸ் இறந்தார். அவர் கண்ட வழியால் தீவின் ஏற்றுமதி ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டிருந்த காலம் அது.

அத்தியும் குளவியும்

ஓர் அரிய நிகழ்வை ‘அத்தி பூத்தாற் போல’ என்று கூறுவது நம் வழக்கு. அத்தி பூவாமல் இருப்பதில்லை. அதன் பூக்கள் யாவும் காய் போன்ற உறையினுள்ளே மறைந்து மலர்கின்றன. அவ்வுறையின் நுனியிலுள்ள சிறு துளையினூடாக நுழையும் மிகச் சிறிய குளவியே அங்கு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றது. மேற்காசியாவின் சிமிர்னாப் பகுதியில், அதாவது இன்றைய இஸ்மிரில், பயிராகும் சீமையத்தி வகைக்கு இக்குளவி இன்றியமையாதது. அம்மரத்திற் பெண்பூக்கள் மாத்திரமே உண்டு. குளவியும் மகரந்தமும் காட்டத்தியிலிருந்து வரவேண்டும். ஆகவே அந்நாட்டு உழவர் காட்டத்திக் காய்களைக் கோவையாகக் கட்டித் தோட்ட மரங்களில் தொங்கவிடுவது தொன்றுதொட்ட வழக்கமாகும். அரிஸ்டோட்டிலும் அவருடைய மாணாக்கர் தியோபிராஸ்டசும் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளனர்.

1880ஆம் ஆண்டை அடுத்து, சிமிர்னா அத்தியின் ஏறத்தாழ 14,000 கொடுந்துண்டுகள் கலிபோர்ணியாவுக்குக் கொண்டுவரப்பட்டு நடப்பட்டன. மரங்கள் வளர்ந்தன, பிஞ்சுகளோ முதிராமல் உதிர்ந்தன. ஆசிய உழவரின் காட்டத்திக் கோவை வெறும் மூடநம்பிக்கை என்ற எண்ணம் தோட்டக்காரர் பலரிடையே நிலவியது. 1890ஆம் ஆண்டளவிற் பிரெஸ்னோ நகரத்து ஜோர்ஜ் றோடிங், காட்டத்தியின் மகரந்தத்தைக் கையாற் சில காய்களுட் செலுத்தினார். அக்காய்கள் முதிர்ந்து கனிந்தன. 1899இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த வோல்டர் ஸ்விங்கிள் அல்ஜீரியாவிலிருந்து அனுப்பிய குளவிகள் பிரெஸ்னோவில் நிலைகொண்டன. அதன் பின்னரே கலிபோர்ணியாவின் உலர் அத்தித் தொழில் சிமிர்னா வகையைக் கொண்டு வளர்ந்தது. கலிபோர்ணியாவையும் சிமிர்னாவையும் இணைத்து அவ்வகைக்குக் ‘கலிமிர்னா’ என்று பெயரிட்டனர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருந்த ஓர் உழவரறிவை மதியாமைக்குக் கொடுத்த விலை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகும்.

நியூசிலாந்தின் சிவப்புக் குளோவர் இதே பாடத்தைச் சுருக்கமாகக் கூறுகின்றது. கால்நடைத் தீவனமாக ஆங்கிலேயர் அங்கு விதைத்த அச்செடி போதிய விதை தரவில்லை. விதையை இங்கிலாந்திலிருந்தே வரவழைக்க வேண்டியிருந்தது. அப்பூவின் ஆழத்திற்கு ஏற்ற நீண்ட நாவுடைய ‘பம்பிள்’ தேனீ அந்நாட்டில் இல்லாமையே காரணம். 1885இற் குளிரூட்டப்பட்ட அறைகளில் வைத்துக் கப்பல்களில் அனுப்பப்பட்ட இராணித் தேனீக்களுள் நூற்றுக்குக் குறைவானவையே உயிருடன் சேர்ந்தன. அவற்றின் வழிவந்தவை நாடெங்கும் பரவின. அவ்வாறு சென்ற இனங்களுள் ஒன்று பின்னர் இங்கிலாந்திலேயே அருகியது. 1988இல் அங்கு இறுதியாகக் காணப்பட்ட அவ்வினம், 2000ஆம் ஆண்டில் அந்நாட்டில் அற்றுவிட்டதென அறிவிக்கப்பட்டது. நியூசிலாந்தில் அது இன்னும் வாழ்கின்றது.

எண்ணெய்ப்பனையும் தோட்டத் தொழிலாளரும்

நான்காவது எடுத்துக்காட்டு நம்மினத்தவரின் உழைப்போடு தொடர்புடையது. எண்ணெய்ப்பனையின் தாயகம் மேற்கு ஆபிரிக்கா. 1848இல் ஒல்லாந்தர் யாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகளை நட்டனர். 1917இல் மலாயாவின் சிலாங்கூரில் முதலாவது வர்த்தகத் தோட்டம் தோன்றியது. ஒரே மரத்தில் ஆண்பாளையும் பெண்பாளையும் வெவ்வேறு காலங்களில் தோன்றுவதால், ஒரு மரத்தின் மகரந்தம் மற்றொரு மரத்தை அடைய வேண்டும். அதனைச் செய்வது காற்றே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆயினும் மலேசியத் தோட்டங்கள் பலவற்றிற் குலைகள் நிரம்பவில்லை. காய்கள் பல பொக்கையாயின.

ஆகவே மனிதரே காற்றாகவும் பூச்சியாகவும் ஆக்கப்பட்டனர். ஆண்பாளைகளை வெட்டி மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, மாக்கல் தூளுடன் கலந்து, மரமரமாகச் சென்று விரிந்த பெண்பாளைகளின்மீது ஊதுவது தோட்ட வேலைகளுள் ஒன்றாயிற்று. பாளை விரியும் காலம் குறுகியதாகையால், சில நாட்களுக்கொருமுறை ஒவ்வொரு மரத்தையும் பார்த்தாக வேண்டும். முட்கள் நிறைந்த மட்டைகளுக்கிடையே இவ்வேலை நடைபெற்றது. மலாயாத் தோட்டங்களின் தொழிலாளருள் தென்னிந்தியத் தமிழர் பெருந்தொகையினராயிருந்தமை யாவரும் அறிந்தது. பால்வெட்டின் வரலாறு எழுதப்பட்டுள்ள அளவுக்கு, மகரந்தம் ஊதிய இந்த உழைப்பின் வரலாறு எழுதப்படவில்லை.

கமரூனிற் பணியாற்றியபோது எண்ணெய்ப்பனைப் பாளைகளில் மொய்த்த சிறு வண்டுகளைக் கவனித்திருந்த லெஸ்லி டேவிட்சன், மலேசியாவில் அவை இல்லாமையே குறைக்குக் காரணமெனக் கருதினார். 1970களின் பிற்பகுதியிற் பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் கமரூன் சென்று ஆராய்ந்து அதனை மெய்ப்பித்தார். நீண்ட மூக்குடைய அச்சிறு வண்டு ஆண்பாளையிற் பெருகுகின்றது. பெண்பாளையும் ஒத்த மணம் வீசி அதனை ஈர்க்கின்றது. மகரந்தம் படிந்த உடலோடு அது அங்கும் செல்கின்றது. வேறு பயிர்களைத் தாக்காது என்பது சோதிக்கப்பட்ட பின், 1981 பெப்ரவரியில் ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில் அவ்வண்டு விடுவிக்கப்பட்டது. விரைவிலேயே அது தீபகற்பமெங்கும் பரவியது. குலைகள் நிரம்பின, கையால் மகரந்தமிடும் வேலை தேவையற்றதாயிற்று. அதுவரை ஆயிரக்கணக்கான கைகள் செய்துவந்தது சில மில்லிமீற்றர் நீளமான ஒரு வண்டின் வேலை என்பது அன்று தெளிவாயிற்று.

முடிவுரை

இந்நான்கு வரலாறுகளும் இரு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, பயிர் என்பது தனித்துப் பிடுங்கி எடுத்துச் செல்லக்கூடிய ஒரு பண்டமன்று. அது பல உயிர்களோடு பிணைந்த ஓர் உறவின் ஒரு முனை. ஆதிக்கவாதிகள் அம்முனையை மாத்திரம் கப்பலேற்றினர். மறுமுனை காட்டிலே தங்கிவிட்டது. பூச்சி தன் வேலையைச் செய்யுமிடத்து அதனை எவரும் கணக்கிடுவதில்லை. அது இல்லாதவிடத்தே அதன் பெறுமதி தெரிய வருகின்றது.

இரண்டாவது, அப்பூச்சியின் வேலை மனிதர் தலையில் விழுந்தபோது, அது செல்வர் தலையில் விழவில்லை. அடிமையும் கூலியாளுமே அதனைச் சுமந்தனர். பூச்சியின் உழைப்பைப் போலவே அவர்களின் உழைப்பும் இயற்கையாகக் கிடைப்பதொன்று எனக் கருதப்பட்டு, வரலாற்றில் இடம் பெறாது போயிற்று. எட்மண்டின் பெயரையாவது ஒரு முதலாளியின் சாட்சியம் காத்தது. அவரிடம் கற்ற அடிமைகளின் பெயர்களும், மலாயாவில் மகரந்தம் ஊதியோரின் பெயர்களும் நூல்களில் இல்லை.

இது பழங்கதையன்று. உணவுப் பயிர்ச் செய்கையும் மகரந்தச் சேர்க்கையும் பற்றி 2016இல் வெளியான பன்னாட்டு அரசுகளின் அறிவியல் மதிப்பீடு, உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஓரளவுக்கேனும் விலங்கினங்களின் மகரந்தச் சேர்க்கையில் தங்கியுள்ளதாகக் கூறுகின்றது. காடழிவும் பூச்சிகொல்லிகளும் நோய்களும் காலநிலை மாற்றமும் அவ்வுயிரினங்களைக் குறைத்து வருகின்றன என்பதும் அதன் முடிபாகும். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து ஹன்யுவான் பகுதியில், 1980கள் முதல் உழவர் பேரி மரங்களில் ஏறி, இறகுத் தூரிகையாற் பூப்பூவாக மகரந்தம் தடவி வந்துள்ளனர். பூச்சிகொல்லிகளின் மிகைப் பயன்பாடு அதற்கொரு காரணமாயிற்று. முன்னர்ச் செடியைப் பூச்சியிடமிருந்து பெயர்த்தோம். இப்பொழுது செடி நிற்குமிடத்திலேயே பூச்சியை அகற்றி வருகின்றோம். விளைவு ஒன்றே.

அவ்வெற்றிடம் மீண்டும் தோன்றுமிடத்து அதனை நிரப்ப யாருடைய கைகள் அழைக்கப்படும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆகவே பூச்சிகளைப் பேணுதல் இயற்கை ஆர்வலரின் பொழுதுபோக்கன்று. உழைப்போரின் வாழ்வோடு ஒட்டிய பிரச்சினையாகும். விஞ்ஞான பீடத்தார் பூச்சியை ஆராய்வர். அப்பூச்சியின் இடத்தில் நின்று உழைத்தோரை ஆராயும் கடமை கலைப் பீடத்து வரலாற்று மாணவராகிய எம்மைச் சார்ந்தது.